நடுப்பொத்தான் செத்த மவுஸும் உரைக் கன்சோலும்: ஓர் அமைப்புப் பதிவு

வரைகலை இடைமுகம் எதுவும் நிறுவப்படாத இரண்டு கணினிகளில், வெறும் உரைக் கன்சோலில், மவுஸைப் பயன்படும்படி அமைத்த விவரம் இது. ஒன்றில் ஃப்ரீபிஎஸ்டி 14 இயங்குகிறது; மற்றொன்றில் டெபியன் லினக்ஸ். இரண்டுக்கும் மாற்றி மாற்றிச் செருகப்படுவது ஒரே யூஎஸ்பி மவுஸ். அதில் இடது, வலது பொத்தான்களும், நடுவில் ஓர் உருள்சக்கரமும், பக்கவாட்டில் இரண்டு பொத்தான்களும் உள்ளன. சக்கரம் உருள்கிறது, ஆனால் அதை அழுத்தினால் எதுவும் நடப்பதில்லை, அடியிலுள்ள விசை செத்துவிட்டது. வரைகலைச் சூழலில் இது ஒரு சிறு தொல்லை மட்டுமே. உரைக் கன்சோலிலோ நடுப்பொத்தான்தான் ஒட்டும் பொத்தான் என்பதால், உரையைத் தேர்ந்தெடுக்க முடிந்தும் வேறிடத்தில் ஒட்ட முடியாத நிலை ஏற்பட்டது.

உரைக் கன்சோலில் மவுஸ் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. வட்டுப் பகுதி போன்றவற்றைத் தனித்து அடையாளம் காட்டும், 36 எழுத்து நீளமுள்ள ஒரு யூயூஐடியையோ, 64 எழுத்து நீளமுள்ள ஷா-256 சரிபார்ப்புத் தொகையையோ ஒரு முனையத்தில் பார்த்து மற்றொரு முனையத்தில் கையால் தட்டச்சு செய்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். ஒரு முனையத்தைப் பல பகுதிகளாகப் பிரித்துத் தரும் டிமக்ஸ் போன்ற நிரல்களில் விசைப்பலகையாலேயே நகலெடுக்கலாம் என்பது உண்மைதான்; ஆனால் அந்த நகல் அந்த நிரலுக்குள் மட்டுமே செல்லும். முதல் மெய்நிகர் கன்சோலில் (ஒரே திரையில் மாற்றி மாற்றிப் பார்க்கக்கூடிய தனித்தனி உரைத் திரைகளில் ஒன்று) இயங்குதளத்தின் மையமான கெர்னல் அச்சிட்ட ஒரு பிழைச் செய்தியை மூன்றாம் கன்சோலில் திறந்திருக்கும் தொகுப்பானுக்குக் கொண்டுவர அது உதவாது. கன்சோல் மவுஸின் தேர்வோ கெர்னலுக்குள்ளேயே சேமிக்கப்படுவதால், எல்லா மெய்நிகர் கன்சோல்களுக்கும் பொதுவானது.

அமைப்பு வேலையில் இறங்குவதற்கு முன் அடுக்குகளைப் பிரித்துப் பார்த்துக்கொள்வது பயன் தரும். அடியில் சாதன இயக்கி இருக்கிறது. அது மவுஸ் அனுப்பும் பைட்டுகளைப் பெறுகிறது. அதற்கு மேல் ஒரு பின்னணி நிரல், அதாவது டீமன், அவற்றைப் படித்து, எந்தப் பொத்தான் எதைக் குறிக்கிறது, அசைவை எவ்வளவு பெருக்க வேண்டும், இரட்டைச் சொடுக்கு என்பது எது என்றெல்லாம் முடிவெடுக்கிறது. அதற்கும் மேல் கெர்னலின் கன்சோல் பகுதி சுட்டுக்குறியை வரைகிறது, தேர்ந்தெடுத்த உரையை நினைவில் வைக்கிறது, ஒட்டும்போது அதை விசைப்பலகையில் தட்டியதுபோல் முனையத்துக்குள் செலுத்துகிறது. கன்சோல் மவுஸில் ஏதாவது எதிர்பாராதபடி நடந்தால், அது எந்த அடுக்கின் வேலை என்று முதலில் கேட்டுக்கொண்டால், பாதி விருப்பங்களைத் தொடாமலே விட்டுவிடலாம்.

கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் ஒலிக்கும்படி எழுதியிருக்கிறேன். இந்த நிரல்களில் சிற்றெழுத்தும் பேரெழுத்தும் வெவ்வேறு பொருள் தருவதால், தேவைப்படும் இடங்களில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

ஃப்ரீபிஎஸ்டியில் டீமனின் பெயர் மவுஸ்டி. யூஎஸ்பி மவுஸைச் செருகியவுடனே, நான் எதையும் இயக்காமலே, சுட்டுக்குறி திரையில் தோன்றியது. தொடக்க அமைப்புகளுக்கான ஆர்சி.கான்ஃப் கோப்பில் மவுஸ்டியை இயக்கும் வரி இல்லையே என்று இதைப் பார்த்துக் குழம்புபவர்கள் பலர். காரணம் எளியது: இயல்பான மவுஸுக்கான அமைப்பு வேறு, பின்னால் வந்து சேரும் மவுஸுக்கான அமைப்பு வேறு. 'மவுஸ்டி_எனேபிள்' முதல் வகைக்கானது. 'மவுஸ்டி_நான்டிஃபால்ட்_எனேபிள்' இரண்டாம் வகைக்கானது, அது இயல்பாகவே ஆம் என்று வைக்கப்பட்டிருக்கிறது. யூஎஸ்பி மவுஸைச் செருகும்போது டெவ்டி என்ற நிரல் அதைக் கவனித்து, யூஎம்எஸ்0 என்ற சாதனத்துக்கென்றே தனியாக ஒரு மவுஸ்டியைத் தொடங்கிவிடுகிறது. ஆகவே விருப்பங்களையும் 'மவுஸ்டி_யூஎம்எஸ்0_ஃபிளாக்ஸ்' என்று அந்தச் சாதனத்தின் பெயரோடு எழுதலாம். ஒரே கணினியில் பிஎஸ்/2 இணைப்பிலுள்ள ஒரு மவுஸும் யூஎஸ்பி மவுஸும் இருந்தால், இரண்டுக்கும் வெவ்வேறு வேகமும் பொத்தான் வரிசையும் கொடுக்க இந்தப் பிரிப்பு வசதியாக இருக்கிறது. இரண்டின் அசைவுகளும் கடைசியில் சிஸ்மவுஸ் என்ற ஒரே மெய்நிகர்ச் சாதனத்தில் கலக்கின்றன.

பொத்தான்களை மாற்றி அமைப்பதற்கு முன் மவுஸ் உண்மையில் என்ன அனுப்புகிறது என்று பார்க்க வேண்டும். இயங்கிக்கொண்டிருந்த மவுஸ்டியை நிறுத்திவிட்டு, பின்னணிக்குப் போகாமல் முன்னாலேயே இயங்கும் 'எஃப்' விருப்பத்தையும் பிழைதேடும் செய்திகளை அச்சிடும் 'டி' விருப்பத்தையும் சேர்த்து, யூஎம்எஸ்0 சாதனத்தின் மேல் முழு அதிகாரமுள்ள ரூட் பயனராக இயக்கினேன். பொத்தான்களை ஒவ்வொன்றாக அழுத்தியபோது இடது 1 என்றும் வலது 3 என்றும் வந்தன. பக்கவாட்டுப் பொத்தான்களில் பின்னால் இருப்பது 4 என்று வந்தது. சக்கரத்தை அழுத்தினால் திரையில் ஒரு வரியும் வரவில்லை. இதனால் ஒன்று உறுதியானது: கோளாறு எந்த மென்பொருளிலும் இல்லை, சாதனத்திலிருந்தே சமிக்ஞை வருவதில்லை. மவுஸைத் திறந்து விசையை மாற்றிச் சால்டர் செய்வது இதற்கு நேரான வழி. ஆனால் எப்போதாவது மட்டுமே திரை இணைக்கப்படும் கணினிகளுக்காக அதைச் செய்வதைவிட, சும்மா கிடக்கும் பக்கவாட்டுப் பொத்தானுக்கு வேலை கொடுப்பதே சரியென்று எனக்குப் பட்டது.

மவுஸ்டி இதற்கு மூன்று வழிகளைத் தருகிறது. மூன்றையும் வைத்துப் பார்த்தேன்.

முதல் வழி 'எம் 2=3' என்ற விருப்பம். இதில் சமக்குறிக்கு இடப்பக்கம் இருப்பது கன்சோல் காணும் தருக்கப் பொத்தான். வலப்பக்கம் இருப்பது விரல் அழுத்தும் உண்மைப் பொத்தான். இந்த வரிசையைத் தலைகீழாகப் படித்துவிட்டால், ஒன்றும் வேலை செய்யாததுபோல் தோன்றும். சமக்குறியின் இருபுறமும் இடைவெளி விடக் கூடாது. 'எம் 2=3' என்றால் வலது பொத்தானை அழுத்தும்போது கன்சோல் நடுப்பொத்தான் அழுத்தப்பட்டதாக எடுத்துக்கொண்டு உரையை ஒட்டும். வேலை முடிகிறது, ஆனால் ஓர் இழப்பும் உண்டு. கன்சோலில் வலது பொத்தானின் வழக்கமான வேலை, ஏற்கெனவே தேர்ந்தெடுத்த பகுதியை நீட்டுவது. தொடக்கத்தில் இடது பொத்தானால் ஒரு சொடுக்கு, பல வரிகள் தள்ளி வலது பொத்தானால் இன்னொரு சொடுக்கு என்று நீண்ட பகுதியைப் பிடிப்பது, பொத்தானை அழுத்திக்கொண்டே இழுப்பதைவிட மிகத் துல்லியமானது. அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

இரண்டாம் வழி, '3' என்ற விருப்பம்: இடதும் வலதும் ஒன்றாக அழுத்தப்பட்டால் அதை நடுப்பொத்தானாகக் கொள்வது. இரண்டு பொத்தான் மவுஸ்கள் பரவலாக இருந்த காலத்திலிருந்து வரும் வழக்கம் இது. ஒன்றாக அழுத்தப்பட்டதா இல்லையா என்று தெரிந்துகொள்ள டீமன் சிறிது நேரம் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பின் உச்ச அளவைப் பேரெழுத்து 'ஈ' விருப்பத்தால் மில்லிநொடியில் குறிக்கலாம். இயல்பான அளவு 100 மில்லிநொடி. இந்த எண்ணைக் குறைத்தால் இரு விரல்களும் மிகச் சரியாக ஒரே நேரத்தில் இறங்க வேண்டும், இல்லாவிட்டால் ஒட்டுவதற்குப் பதிலாகத் தேர்வு கலைந்துவிடும். கூட்டினால் ஒவ்வோர் இடச் சொடுக்கும் சற்றுத் தயங்கியே பதிவாகும். நடுப்பொத்தானே இல்லாத மடிக்கணினித் தொடுபலகைக்கு இது தக்க வழிதான். ஐந்து பொத்தான் உள்ள மவுஸில் இந்தத் தயக்கத்தைச் சகித்துக்கொள்ளத் தேவையில்லை.

மூன்றாம் வழிதான் நிலைத்தது: 'எம் 2=4'. பின்பக்கப் பக்கவாட்டுப் பொத்தான் இனி நடுப்பொத்தான். வலது பொத்தான் தன் நீட்டும் வேலையைத் தொடர்கிறது. காத்திருப்பு எதுவும் இல்லை. கட்டை விரல் இயல்பாகவே அந்தப் பொத்தானின் மேல்தான் இருக்கிறது என்பதால் சக்கரத்தை அழுத்துவதைவிட இது எளிது என்றும் சொல்வேன். ஒரே தருக்கப் பொத்தானுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட உண்மைப் பொத்தான்களை ஒதுக்கலாம் என்பதால், விரும்புபவர்கள் 'எம்' விருப்பத்தை மீண்டும் எழுதி இன்னொரு பொத்தானையும் இதே வேலையில் சேர்த்துக்கொள்ளலாம். இடது கைக்காரர்களுக்கு 'எம் 1=3', 'எம் 3=1' என்ற இரண்டையும் சேர்த்து எழுதினால் இடமும் வலமும் மாறிக்கொள்ளும்.

வேகத்தைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. உரைக் கன்சோலில் சுட்டுக்குறியின் பயன் ஓர் எழுத்துக் கட்டத்தைக் குறிவைப்பது மட்டுமே என்பதால், இன்றைய மவுஸ்கள் இங்கே தேவைக்கு மீறி விரைகின்றன. சிற்றெழுத்து 'ஏ' விருப்பம் அசைவை ஒரே சீராகப் பெருக்குகிறது, 1.0க்குக் கீழே கொடுத்தால் வேகம் தணியும், மேலே கொடுத்தால் கூடும். பேரெழுத்து 'ஏ' விருப்பமோ அடுக்குப் பெருக்கம்: மெதுவாக நகர்த்தினால் அசைவு அப்படியே இருக்கும், வேகமாக வீசினால் சுட்டுக்குறி தாவிச் செல்லும். இதற்குப் பயனுள்ள அளவு 1.1 முதல் 2.0 வரை. இரண்டையும் சேர்த்தும் பயன்படுத்தலாம்: சீரான பெருக்கத்தை 0.6 அளவுக்குக் குறைத்து, அடுக்குப் பெருக்கத்தை 1.3 என்று வைத்தேன். ஓர் எழுத்தைக் குறிவைக்கும்போது கை நடுங்கினாலும் அடுத்த கட்டத்துக்குத் தாவாமல் இருக்கிறது, திரையின் மறுமுனைக்கு ஒரே வீச்சில் போகவும் முடிகிறது.

சுட்டுக்குறியே தெரியாவிட்டால் டீமனைத் தேட வேண்டியதில்லை. அது மேல் அடுக்கின் வேலை. 'விட்கண்ட்ரோல்' என்ற கட்டளையில் 'எம் ஆன்' என்று கொடுத்தால் தெரியும். இந்தக் கட்டளையை வேறு கணினியிலிருந்து எஸ்எஸ்எச் வழியாக நுழைந்த முனையத்திலிருந்து கொடுத்துப் பயனில்லை, உண்மையான மெய்நிகர் கன்சோலிலிருந்துதான் கொடுக்க வேண்டும். 2016இல் வெளிவந்த ஃப்ரீபிஎஸ்டி 11 முதல் விடி என்ற கன்சோல் இயக்கியே இயல்பானது. அது சுட்டுக்குறியைச் சிறு அம்பாக வரைகிறது. அதற்கு முந்தைய சிஸ்கான்ஸ் இயக்கி விஜிஏ உரைப் பாங்கில் நான்கு எழுத்துக் குறியீடுகளைத் தனக்கென ஒதுக்கி, அவற்றின் வடிவத்தை நொடிக்கு நொடி மாற்றி எழுதித்தான் அம்பைக் காட்டியது. இயல்பாக அந்த ஒதுக்கீடு பதினாறடிமான எண் டி0இல் தொடங்கும். அந்த இடத்தில் தம் மொழியின் எழுத்துகள் அமைந்திருந்தவர்களுக்கு மவுஸ் நகரும்போதெல்லாம் திரையிலுள்ள எழுத்துகள் உருக்குலைந்தன. ஆர்சி.கான்ஃபில் 'மவுஸ்கேர்_ஸ்டார்ட்' என்பதை 3 என்று வைக்கச் சொல்லும் பழைய அறிவுரை இன்னும் பல குறிப்புகளில் நகலெடுக்கப்பட்டு வருகிறது. அதன் பின்னணி இதுதான், விடி இயக்கியில் அதற்கு வேலை இல்லை.

ஃப்ரீபிஎஸ்டியில் எனக்கு முழு நிறைவு தராத ஒன்று, இரட்டைச் சொடுக்கால் சொல்லைத் தேர்ந்தெடுப்பது. சொல்லின் எல்லை எது என்பதை இங்கே கன்சோல் இயக்கியே முடிவு செய்கிறது. விடி இயக்கி இடைவெளியிலிருந்து இடைவெளி வரை அள்ளிக்கொள்கிறது. யூயூஐடி முழுதாக வருகிறது, நல்லது. ஆனால் அதைச் சுற்றி மேற்கோள் குறியோ பின்னால் காற்புள்ளியோ இருந்தால் அவையும் கூடவே வருகின்றன. பழைய சிஸ்கான்ஸில் எந்த எழுத்துகள் சொல்லைப் பிரிக்கும் என்பதைக் கெர்னலை மறுதொகுக்கும்போது குறிப்பிட ஒரு வழி இருந்தது. டீமனில் இதற்கான விருப்பத்தைத் தேடுவது வீண். மேற்கோள் குறிக்குள் இருக்கும் சொல்லை நான் இடச் சொடுக்கும் வலச் சொடுக்குமாகவே பிடிக்கிறேன். வலது பொத்தானை இழக்க விரும்பாததற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி லினக்ஸ். இங்கே டீமனின் பெயர் ஜிபிஎம். ஆண்ட்ரூ ஹேலெட் எழுதிய செலக்‌ஷன் என்ற நிரலின் மேல் அலெசாண்ட்ரோ ரூபினி கட்டியெழுப்பியது அது. வயதான நிரல்தான், ஆனாலும் அதன் கையேடு இன்றும் படிக்கத் தகுந்தது. தேர்ந்தெடுக்கும்போது சுட்டுக்குறியைக் காட்டும் ஒரு விருப்பத்தை விளக்குமிடத்தில், காட்டினாலும் குழப்பம்தான், காட்டாவிட்டாலும் குழப்பம்தான் என்று அது ஒளிவுமறைவின்றி ஒப்புக்கொள்கிறது.

ஜிபிஎம்மை நிறுவி, டெவ் அடைவுக்குள் இன்புட் என்பதன் கீழுள்ள மைஸ் என்ற சாதனத்தைப் படிக்கும்படி விட்டேன். அமைப்புக் கோப்பு ஈடிசி அடைவிலுள்ள ஜிபிஎம்.கான்ஃப். சாதன வகை 'எக்ஸ்பிஎஸ்2' என்பது தற்கால மவுஸ்களுக்கு ஏற்றது. மவுஸ் யூஎஸ்பியில் இருந்தாலும் கெர்னல் அந்தச் சாதனத்தில் பிஎஸ்/2 மொழியிலேயே பேசுவதால் இந்தப் பெயர். செத்த நடுப்பொத்தானோடு இங்கே ஒட்ட முடியாது என்றுதான் எதிர்பார்த்தேன். ஆனால் வலது பொத்தானை அழுத்தியவுடன் உரை ஒட்டப்பட்டது. எதையும் அமைக்காமலே கிடைத்த வசதி என்பதால் அது ஏன் நடந்தது என்று பார்க்க வேண்டியிருந்தது, ஏனென்றால் காரணம் தெரியாத வசதி எப்போது போய்விடும் என்றும் தெரியாது.

காரணம் ஜிபிஎம்மின் ஓர் ஊகம். எந்த மவுஸையும் அது முதலில் இரண்டு பொத்தான் மவுஸ் என்றே எடுத்துக்கொள்கிறது. அந்த நிலையில் வலது பொத்தான் ஒட்டும் பொத்தான். நடுப்பொத்தான் ஒரு முறை அழுத்தப்பட்டுவிட்டால், இது மூன்று பொத்தான் மவுஸ் என்று முடிவு செய்து, அந்தக் கணம் முதல் நடுப்பொத்தானை ஒட்டுவதற்கும் வலது பொத்தானைத் தேர்வை நீட்டுவதற்கும் மாற்றிக்கொள்கிறது. கணினியைத் தொடங்கியவுடன் வலது பொத்தான் ஒட்டியதே, சற்று நேரத்தில் ஏன் நின்றுவிட்டது என்று பலர் திகைப்பதற்கு இதுவே விளக்கம்: இடையில் எப்போதோ சக்கரத்தின் மேல் விரல் அழுந்தியிருக்கும். என் மவுஸின் சக்கரம் எதையும் அனுப்பாது என்பதால் இந்த மாற்றம் எனக்கு நிகழாது என்று நினைக்கலாம். ஆனால் மைஸ் சாதனத்தில் கணினியோடு இணைக்கப்பட்ட எல்லா மவுஸ்களின் செய்திகளும் ஒன்றாகக் கலந்தே வருகின்றன. வேறொரு நல்ல மவுஸைச் செருகி அதன் சக்கரத்தை ஒரு முறை அழுத்திப் பார்த்தேன். அந்தக் கணமே பழைய மவுஸில் ஒட்டும் வசதி போனது. ஜிபிஎம்மை மறுதொடக்கம் செய்த பிறகே திரும்பியது.

இந்த ஊகத்தை நிறுத்த '2', '3' என்ற இரு விருப்பங்கள் உள்ளன. '2' என்றால் என்றும் இரண்டு பொத்தான்தான். நடுப்பொத்தான் இருந்தாலும் அது வலதாகவே கொள்ளப்படும். '3' என்றால் என்றும் மூன்று பொத்தான். உண்மையில் நடுப்பொத்தான் இல்லாத மவுஸில் இதைக் கொடுத்தால் ஒட்டவே முடியாது. பேரெழுத்து 'பி' விருப்பத்தால் பொத்தான் வரிசையையும் மாற்றலாம்: 123 இயல்பு, 321 இடது கைக்கு, 132 இரண்டு பொத்தான் மவுஸுக்கு. ஆனால் அது மூன்று பொத்தான்களுக்குள் இடமாற்றம் செய்வது மட்டுமே. நான்காம் பொத்தானை இரண்டாவதாக்கும் வசதி, மவுஸ்டியில் இருப்பதுபோல், ஜிபிஎம்மில் இல்லை. '2' கொடுத்தால் நடத்தை நிலையாக இருக்கும், ஆனால் தேர்வை நீட்டும் வசதி போய்விடும். ஆகவே டீமன் அடுக்கில் இதற்குத் தீர்வு இல்லை என்று முடிவு செய்து, அதற்குக் கீழே பார்க்கலாம் என்று தற்காலிகமாக ஒதுக்கிவைத்தேன்.

அதற்கு முன், ஜிபிஎம் ஃப்ரீபிஎஸ்டியை விஞ்சும் இடத்தைச் சொல்ல வேண்டும்: சொல்லின் எல்லையை நாமே தீர்மானிக்கலாம். சிற்றெழுத்து 'எல்' விருப்பத்துக்குப் பின் ஓர் எழுத்துப் பட்டியல் தர வேண்டும். அதிலுள்ள எழுத்துகள் சொல்லின் உறுப்புகள், மற்றவை எல்லைகள். இந்தப் பட்டியலை டீமன் கெர்னலிடம் ஒப்படைக்கிறது. என் கணினியில் கோப்பில் இருந்த பட்டியலில் எழுத்துகள், எண்கள், அடிக்கோடு, புள்ளி, சாய்கோடு, முக்காற்புள்ளி ஆகியவை இருந்தன, ஹைஃபன் இல்லை. அதனால் கோப்புப் பாதைகள் முழுதாகப் பிடிபட்டன, யூயூஐடி மட்டும் ஐந்து துண்டுகளாக உடைந்து ஒரு துண்டே வந்தது. ஹைஃபனைச் சேர்ப்பதில் ஒரு நுட்பம் உண்டு. பட்டியலில் ஹைஃபன் என்பது 'இதிலிருந்து இதுவரை' என்ற வீச்சைக் குறிப்பது. ஆகவே அதை எழுத்தாகச் சேர்க்க வேண்டுமானால் அதன் முன் பின்சாய்கோடு இட வேண்டும். அமைப்புக் கோப்பு, கட்டளைகளைப் படித்து இயக்கும் ஷெல் வழியாகவே படிக்கப்படுவதால், மேற்கோள் குறிகள் சரியில்லாவிட்டால் அந்தப் பின்சாய்கோட்டை ஷெல்லே விழுங்கிவிடும். டீமனைப் பின்னணிக்கு விடாமல் கையால் இயக்கி, விருப்பம் எந்த வடிவத்தில் அதைச் சென்றடைகிறது என்று பார்த்துவிட்டு, பிறகு கோப்பில் எழுதுவது நல்லது. ஹைஃபனோடு 'அட்' குறி, கூட்டல் குறி, விழுக்காட்டுக் குறி ஆகியவற்றையும் சேர்த்தேன்; சமக்குறியை வேண்டுமென்றே விட்டுவிட்டேன், ஏனென்றால் அதைச் சேர்த்தால் அமைப்புக் கோப்புகளில் மதிப்பை மட்டும் பிடிக்க முடியாமல் பெயரும் சேர்ந்து வரும். என் பார்வையில், கன்சோல் மவுஸில் அன்றாடம் பயன் தரும் அமைப்பு வேகமோ பொத்தானோ அல்ல, இந்தப் பட்டியல்தான்.

மும்முறைச் சொடுக்கினால் முழு வரியும் தேர்வாகும். இங்கே கவனம் தேவை. வரியின் இறுதியிலுள்ள வெற்றிடங்களைக் கெர்னல் நீக்கிவிட்டு ஒரு வரிமுடிவைச் சேர்க்கிறது. அந்த வரியை ஷெல்லில் ஒட்டினால், எண்டர் விசையைத் தொடாமலே கட்டளை ஓடிவிடும். ஆனால் வரி திரையின் கடைசிக் கட்டம் வரை வெற்றிடமின்றி நிறைந்திருந்தால் வரிமுடிவு சேர்க்கப்படுவதில்லை. நீண்ட கட்டளை ஒன்று இரண்டு வரிகளாக மடிந்து தெரிந்தாலும் ஒட்டும்போது ஒன்றாகவே சேர இது வழி செய்கிறது, நுட்பமான ஏற்பாடு. இருந்தாலும் ரூட் முனையத்தில் நான் மும்முறைச் சொடுக்கைப் பயன்படுத்துவதில்லை.

இதே அச்சத்திலிருந்து பிறந்ததுதான் ஜிபிஎம்மின் பேரெழுத்து 'ஏ' விருப்பம். தேர்வு எல்லா மெய்நிகர் கன்சோல்களுக்கும் பொது என்பதால், ஒருவர் வெளியேறிய பிறகும் அவர் விட்டுச்சென்ற உரை அங்கேயே கிடக்கும். அடுத்து வருபவர் ஒட்டினால் அதுதான் விழும். ஒரு தீய கட்டளையை வரிமுடிவோடு தேர்ந்தெடுத்து வைத்துவிட்டுப் போவது கடினமல்ல. இந்த விருப்பத்தோடு, இடைவெளி விடாமல், நொடிகளில் ஓர் எண்ணைக் கொடுத்தால், தேர்வு அவ்வளவு நேரம்தான் செல்லுபடியாகும். அதன்பின் புதிதாகத் தேர்ந்தெடுக்காமல் ஒட்ட முடியாது. நான் 300 என்று வைத்திருக்கிறேன். வெளியேறும்போதே தேர்வை முடக்க 'டிசேபிள்-பேஸ்ட்' என்ற சிறு நிரலும் ஜிபிஎம்மோடு வருகிறது. பேரெழுத்து 'எஸ்' விருப்பத்தையோ நான் தொடவே இல்லை: இடதும் வலதும் சேர்த்து மும்முறை சொடுக்கிப் பிறகு ஒரு பொத்தானை அழுத்தினால் கணினியை நிறுத்தவும் மறுதொடக்கம் செய்யவும் அது வழி தருகிறது. விசைப்பலகை இறந்துபோன கணினிக்கு அது உயிர்காக்கும்; மற்ற இடங்களில் வேண்டாத வம்பு.

சக்கரத்தை உருட்டினால் மேலே போன வரிகள் திரும்பி வரும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு ஒரு சொல். லினக்ஸ் கன்சோலின் பின்னுருட்டும் நினைவையே 2020இல் வந்த 5.9 கெர்னலில் நீக்கிவிட்டார்கள். எந்த டீமனை எப்படி அமைத்தாலும் அது திரும்பாது; டிமக்ஸ் அல்லது ஸ்கிரீன்தான் வழி.

இனி ஒதுக்கிவைத்த பொத்தான். லினக்ஸில் டீமனுக்குக் கீழேயுள்ள அடுக்கு கெர்னலின் உள்ளீட்டு அமைப்பு. அங்கே சாதனம் அனுப்பும் குறியீட்டை எந்தப் பொத்தானாகக் கொள்வது என்பதை சாதனங்களைக் கையாளும் யூடெவ் என்ற நிரலின் வன்பொருள் தரவுத்தளம் வழியாக மாற்றலாம். விசைப்பலகைகளுக்காக ஏற்பட்ட வசதிதான், ஆனால் யூஎஸ்பி மவுஸுக்கும் பொருந்துகிறது. ஈவிடெஸ்ட் என்ற நிரலை ரூட்டாக இயக்கி, மவுஸைத் தேர்ந்தெடுத்து, பின்பக்கப் பொத்தானை அழுத்தினேன். 'எம்எஸ்சி_ஸ்கேன்' என்ற வரியில் 90004 என்ற மதிப்பு வந்தது. இது பதினாறடிமான எண்: மவுஸ், விசைப்பலகை போன்றவற்றுக்கான யூஎஸ்பி எச்ஐடி வரையறையில் 9ஆம் பக்கம் பொத்தான்களுக்கானது, அதில் நான்காவது பொத்தான் இது. ஃப்ரீபிஎஸ்டியில் பார்த்த அதே 4.

ஈடிசி அடைவில் யூடெவின் எச்டபிள்யூடிபி.டி என்ற துணை அடைவுக்குள் ஒரு கோப்பை உருவாக்கினேன். அதன் முதல் வரி எந்தச் சாதனம் என்பதைச் சொல்கிறது: 'ஈவிடெவ்:இன்புட்:' என்று தொடங்கி, யூஎஸ்பியைக் குறிக்கும் பி0003, பிறகு 'வி' எழுத்தோடு நான்கு இலக்கத் தயாரிப்பாளர் எண், அடுத்து 'பி' (p) எழுத்தோடு நான்கு இலக்கப் பொருள் எண், இறுதியில் ஒரு நட்சத்திரக் குறி. எண்களை எல்எஸ்யூஎஸ்பி கட்டளையிலிருந்து எடுக்கலாம். ஆனால் அது சிற்றெழுத்தில் காட்டும் பதினாறடிமான எழுத்துகளை இங்கே பேரெழுத்தில் எழுத வேண்டும், இல்லாவிட்டால் பொருந்தாது. இரண்டாம் வரி, ஓர் இடைவெளியோடு தொடங்கி, 'கீபோர்டு_கீ_90004=பிடிஎன்_மிடில்' என்று, இடப்பக்கம் பேரெழுத்திலும் வலப்பக்கம் சிற்றெழுத்திலும். அந்தத் தொடக்க இடைவெளி அழகுக்கானதன்று. அது இல்லாவிட்டால் இரண்டாம் வரியும் இன்னொரு சாதனப் பெயராகவே படிக்கப்படும். பிறகு 'சிஸ்டம்டி-எச்டபிள்யூடிபி அப்டேட்' கட்டளையால் தரவுத்தளத்தைப் புதுப்பித்து, மவுஸைக் கழற்றிச் செருகினேன்.

ஈவிடெஸ்டில் அதே பொத்தான் இப்போது நடுப்பொத்தானாகத் தெரிந்தது. ஜிபிஎம்மோடு வரும் 'மெவ்' என்ற சோதனை நிரலிலும் அப்படியே. அதன் பிறகுதான் ஜிபிஎம்முக்கு '3' விருப்பத்தைக் கொடுத்து ஊகத்தை நிறுத்தினேன். இப்போது பக்கவாட்டுப் பொத்தான் ஒட்டுகிறது, வலது பொத்தான் நீட்டுகிறது, வேறு மவுஸைச் செருகினாலும் இந்த ஏற்பாடு கலைவதில்லை. மாற்றம் டீமனுக்குக் கீழே நடந்திருப்பதால், ஜிபிஎம்முக்குப் பதிலாக லிப்இன்புட் என்ற உள்ளீட்டு நூலகத்தை அடிப்படையாகக் கொண்ட கன்சொலேஷன் என்ற டீமனை நிறுவினாலும், என்றாவது வரைகலைச் சூழலை நிறுவினாலும், மீண்டும் அமைக்கத் தேவையில்லை.

இதன் மறுபக்கமும் உண்டு. தரவுத்தள வரி இந்த ஒரு மவுஸை அல்ல, இதே தயாரிப்பாளர் எண்ணும் பொருள் எண்ணும் கொண்ட எல்லா மவுஸ்களையும் பிடிக்கும். நாளை இதே மாதிரியில் புது மவுஸ் ஒன்று வந்து செருகப்பட்டால், அதன் சக்கரம் சரியாக வேலை செய்தாலும் பின்பக்கப் பொத்தானும் நடுப்பொத்தானாகவே இருக்கும், உலாவியில் பின்னோக்கிச் செல்லும் வேலையை அது செய்யாது. ஆகவே கோப்பின் தலையில் கருத்துரையைக் குறிக்கும் எண்குறியிட்டு (#), எந்தக் கோளாறுக்காக இந்த வரி எழுதப்பட்டது, மவுஸை மாற்றினால் நீக்க வேண்டிய கோப்பு எது, ஜிபிஎம்.கான்ஃபிலிருந்து எடுக்க வேண்டிய விருப்பம் எது என்பதை மூன்று வரிகளில் குறித்துவைத்தேன். ஃப்ரீபிஎஸ்டி கணினியின் ஆர்சி.கான்ஃபிலும் அதே குறிப்பு இருக்கிறது.